வழக்குச் சொத்து எண் இரண்டு

எண் ஒன்று: சாக்கு மூட்டை மூன்று,
காய்ந்த செதில், நாற்பத்தொரு கிலோ.
எண் இரண்டு: அழுங்கு, உயிருடன், ஒன்று.
அதற்கு மேல் மகஜரில் எழுத
முத்துராக்கு அக்காவுக்கு வார்த்தை வரவில்லை.
"ஆணா, பெட்டையா?"
"சுருண்டிருக்கு" என்றேன்.
அதையே எழுதிக்கொண்டார்.

வேதாளைக் கரையில்
படகு ஏறுமுன் மடக்கிய சரக்கு.
கடல் அட்டை என்றுதான் தகவல்.
ஐஸ் பெட்டியைத் திறந்தால்
பெருத்த தாழம்பழம் ஒன்று
மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

வேன் ஓட்டி வந்த களஞ்சியம் சொன்னான்:
"கடிக்காது சார், அதுக்குப் பல்லே கிடையாது.
சின்னக் கல்லை முழுங்கி
வயித்துக்குள்ள அரைச்சுக்கும்."
அவன் கையிலும் விலங்கு,
பெட்டிக்குள்ளும் விலங்கு.

நீதிமன்றம் திங்கட்கிழமைதான்.
இது சனி இரவு.

முட்டை உடைத்து வைத்தேன்.
பால் வைத்தேன்.
வெட்கமாக இருக்கிறது சொல்ல,
கருவாட்டுத் தூளும் வைத்தேன்.
பந்து அவிழவில்லை.
கால்நடை மருத்துவர் தூக்கத்தில் சொன்னார்:
"எறும்பு. இல்லாட்டி கறையான்."
வைத்துவிட்டார்.

டார்ச் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
கச்சான் காற்று மணலை வாரி
முகத்தில் எறிந்தது.
உடைமரத்தடியில் முள்.
அலை ஓரம் முழுக்க நண்டு வளை.
தோண்டினால் உப்பு ஊறுகிறது.
மண்டபத்தில் புற்று தேடி
நடந்தவனுக்குத்தான் தெரியும்
கடல் எவ்வளவு தூரம்
தரைக்குள் வந்திருக்கிறது என்று.

முன்பு எப்போதோ டிவியில் பார்த்தேன்,
தென் அமெரிக்கப் புல்வெளியில்
பெரிய எறும்புத்தின்னி ஒன்றை.
உடம்பெல்லாம் மயிர்,
வாலே போர்வை,
குட்டி முதுகில்.
அதற்கும் பல்லில்லை.
அதுவும் நகம் தேயாமல்
விரல் மடக்கி நடக்கிறது.
நம் அழுங்குக்கு அது
அத்தை மகனும் இல்லை, ஒன்றுவிட்ட தம்பியும் இல்லையாம்.
ஒரே பசி
இரண்டு கண்டங்களில்
ஒரே மூக்கைச் செய்து வைத்திருக்கிறது.

வெறுங்கையோடு திரும்பினேன்.
மணி இரண்டு.
பெட்டி காலி.

சத்தம் பதிவேட்டு அறையிலிருந்து வந்தது.
மர அலமாரிக்குப் பின்னால்
சுவரில் ஏறிய மண் கோட்டை
முன்னங்கை நகத்தால்
பிளந்துகொண்டிருந்தது.
காரை உதிர்ந்தது.
அரசு ஆவணங்களைக் காப்பதுதான்
என் வேலை.
அலமாரிக் கதவை
நானே திறந்துவிட்டேன்.

கண் மூடி, காது மூடி
நாக்கை அனுப்பியது.
நமக்கு நாக்கு தொண்டையோடு சரி;
அதற்குக் கடைசி விலா எலும்பு வரை
வேர் போகிறதாம்.
ஈரக் கயிறு ஒன்று
காகிதக் கட்டுகளின் நடுவே
போய்ப் போய் வந்தது.
சிப்பாய்க் கறையான் திரள்வதற்குள்
அடுத்த சுவர்.
பாதிப் புற்றை அப்படியே விட்டுவிட்டது.
மிச்சம் வைக்கத் தெரிந்திருக்கிறது.
மூட்டை கட்டியவர்களை நினைத்துக்கொண்டேன்.

விடிந்ததும் அக்கா வந்து
அரித்த கட்டு ஒன்றை உதறிப் பார்த்தார்.
ஆறு வருடம் முந்தைய வழக்கு.
அதுவும் செதில்.
எதிரிகள் பெயர் இருந்த பக்கம்
சல்லடையாகக் கிடந்தது.
அந்தத் தீர்ப்பைக் கறையான் தின்று,
கறையானை இது தின்று,
இப்போது செதில் மூட்டைகளில் சாய்ந்து
தூங்கிக்கொண்டிருந்தது.

நாற்பத்தொரு கிலோவை
எத்தனையால் வகுப்பது என்று
நான் கேட்கவில்லை.
அவரும் கால்குலேட்டரை எடுக்கவில்லை.

அடுத்த அறைக் கம்பிக்குள்ளிருந்து
களஞ்சியம் குரல் கொடுத்தான்:
"தின்னுச்சா சார்?"
யாரும் பதில் சொல்லவில்லை.
கொஞ்சம் பொறுத்து நான்,
"ம்" என்றேன்.

"நிமிர்ந்து நின்னப்ப பார்த்தேன்க்கா, பெட்டை."
அக்கா மகஜரை எடுத்தார்.
'சுருண்டிருக்கு' என்பதை
ஒற்றைக் கோட்டால் அடித்து,
மேலே திருத்தி எழுதி,
ஓரத்தில்
சுருக்கொப்பம் இட்டார்.